ராஜாவின் வனமும் ஊராரின் காவலும்: குமாவோன் வனப் பஞ்சாயத்துகளின் வரலாறு

நெகேமியாவின் நூலைப் பயில்வோர் பெரும்பாலும் எருசலேமின் அலங்கத்தையே நோக்குகின்றனர். அதன் வாசல்களுக்கு மரம் எங்கிருந்து வந்தது என வினவுவோர் சிலரே. இரண்டாம் அதிகாரத்தில் நெகேமியா, ராஜாவின் வனக்காவலனாகிய ஆசாப்புக்கு ஒரு கடிதம் வேண்டி மன்னனிடம் விண்ணப்பிக்கிறார். அவ்விடத்தில் வனத்தைக் குறிக்கும் எபிரெயச் சொல் 'பர்தேஸ்' என்பதாகும். பாரசீகத்திலிருந்து வந்த இச்சொல் வேலியிட்டு அடைக்கப்பட்ட அரசச் சோலையைக் குறிப்பது. அதுவே கிரேக்கத்தில் உருமாறி ஏதேன் தோட்டத்துக்கும் பெயராயிற்று. நாம் அதனைப் 'பரதீசு' என வழங்குகிறோம். வேலிக்குட்பட்ட மரம் மன்னனுடையது. அவனது எழுத்தாணையின்றி அதில் எவரும் கைவைத்தல் ஆகாது. அவ்வனத்தின் ஓரத்தில் வாழ்ந்த எளியோர் விறகுக்கும் தழைக்கும் எங்குச் சென்றனர் என்பதை அந்நூல் கூறவில்லை.

இவ்வினா நம் நாட்டின் இமயமலைச் சாரலில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிகக் கூர்மையாக எழுந்தது. அதற்குக் கிடைத்த விடையே குமாவோன் வனப் பஞ்சாயத்து. ஊதியமின்றி ஊரார் தம் காட்டைத் தாமே காக்கும் இவ்வேற்பாடு, ஊழியத்துக்கென அழைக்கப்பட்ட நமக்குக் கற்பிப்பது சிலவல்ல. ஆதலின் அதன் வரலாற்றைச் சுருக்கமாக ஈண்டு ஆராய்வோம்.

1. காடு அரசுடைமையான வரலாறு

1815இல் கூர்க்கரை வென்ற ஆங்கிலக் கம்பெனியார் குமாவோனையும் கார்வாலின் கிழக்குப் பகுதியையும் தம் ஆட்சிக்குட்படுத்தினர். 1823இல் அதிகாரி டிரெயில் நடத்திய நிலவரி ஏற்பாட்டின்போது ஒவ்வொரு கிராமத்துக்கும் எல்லை வரையறுக்கப்பட்டது. அது விக்கிரம ஆண்டு 1880 ஆதலால், எண்பது எனப் பொருள்படும் 'அஸ்ஸி' என்னும் சொல்லால் மக்கள் அவ்வெல்லையைச் சுட்டினர். அதற்குட்பட்ட மேய்ச்சல் நிலமும் காடும் தம்முடையன என்பது அவர்களது உறுதியான நம்பிக்கை.

மலையுழவருக்குக் காடு வயலின் மறுபாதி எனலாம். ஓக் மரத்தின் தழை குளிர்காலத்தில் கால்நடைகளுக்குத் தீவனம். உதிர்ந்த இலை தொழுவத்தில் பரப்பப்பட்டுப் பின் எருவாகி வயலைச் சேரும். காடு அழிந்தால் மண் வளம் குன்றும். மண் வளம் குன்றினால் உணவில்லை.

இந்நிலையில் இருப்புப்பாதைக் கட்டைகளுக்காக மரத்தின் தேவை பெருகியது. 1864இல் வனத்துறை அமைக்கப்பட்டது. 1878இல் வனச் சட்டம் காட்டின்மேல் அரசின் உரிமையை நிலைநாட்டியது. 1893இல் குமாவோனின் அளக்கப்படாத நிலம் முழுவதும் பாதுகாக்கப்பட்ட காடென அறிவிக்கப்பட்டது. 1911 முதல் 1917 வரை 3000 சதுர மைலுக்கு மேற்பட்ட பரப்பு ஒதுக்குக் காடாயிற்று. ஒவ்வொரு குடும்பமும் எத்தனை கால்நடை மேய்க்கலாம், எவ்வளவு தழை வெட்டலாம் என்பன ஏட்டில் எழுதப்பட்டன. புதுப்புல் முளைப்பதற்காகக் கோடையில் பைன் சருகுக்குத் தீ வைக்கும் பழைய வழக்கமும் தடுக்கப்பட்டது. நேற்றுவரை தம் காட்டுக்குத் தாமே காவலராயிருந்தோர், இன்று அதே காட்டில் கள்வராக எண்ணப்பட்டனர்.

2. கட்டாய ஊழியம்

இத்துன்பத்தோடு மற்றொன்றும் சேர்ந்தது. மலைப்பகுதியில் பயணம் செய்யும் அதிகாரிகளின் சுமைகளை ஊரார் சுமத்தல் வேண்டும். அவர்களுக்கு உணவுப் பொருளும் அளித்தல் வேண்டும். யார் எந்நாளில் சுமப்பது என்பதற்குக் கிராமத் தலைவரிடம் பதிவேடு இருந்தது. வனத்துறை விரிந்தபோது சுற்றிவரும் அதிகாரிகளும் பெருகினர், சுமையும் பெருகிற்று. நெகேமியாவுக்கு முன்னிருந்த ஆளுநர்கள் மக்கள்மேல் பாரமாயிருந்து அப்பமும் திராட்சரசமும் வாங்கினர் என்றும், அவர்களுடைய வேலைக்காரரும் மக்கள்மேல் அதிகாரம் செலுத்தினர் என்றும் ஐந்தாம் அதிகாரம் உரைப்பதை நாம் இங்கு நினைவுகூரலாம்.

இக்கொடுமை தமிழ் பேசும் திருச்சபைக்குப் புதிதன்று. நாம் நாள்தோறும் எடுத்தாளும் 'ஊழியம்' என்னும் சொல், தென் திருவிதாங்கூரில் தாழ்த்தப்பட்ட மக்களிடம் கூலியின்றி வாங்கப்பட்ட கட்டாய உழைப்பின் பெயராக ஒரு காலத்தில் விளங்கிற்று. கிறிஸ்தவர்களை ஞாயிற்றுக்கிழமைகளில் அவ்வூழியத்துக்கு இழுக்கலாகாது என்பது 19ஆம் நூற்றாண்டில் அங்கு எழுந்த முறையீடுகளுள் ஒன்று. அங்கே பணியாற்றிய இலண்டன் மிஷன் சங்கத்தாரே 1850 முதல் குமாவோனின் அல்மோராவிலும் பணிபுரிந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

1921 ஜனவரியில், சரயு நதிக்கரையிலுள்ள பாகேசுவரத்தில் உத்தராயணத் திருவிழாவுக்குத் திரண்ட மக்கள், பத்ரி தத் பாண்டே முதலியோரின் தலைமையில் இனிச் சுமை சுமப்பதில்லை எனச் சூளுரைத்து, அப்பதிவேடுகளை ஆற்றில் எறிந்தனர். ஏறக்குறைய அதே காலத்தில் சிம்லா மலைகளின் கோட்கர் பகுதியில் இத்தகைய கட்டாய உழைப்பை எதிர்த்து மக்களை ஒன்றுதிரட்டியவர் சாமுவேல் ஸ்டோக்ஸ். தொழுநோயாளருக்குப் பணிசெய்ய 1904இல் அமெரிக்காவிலிருந்து வந்த இளைஞர் அவர். 1921 டிசம்பரில் அவர் சிறையிலடைக்கப்பட்டார். பின்னர் 1932இல் அவர் இந்து சமயத்தைத் தழுவினார். எனினும் நோயாளரின் பணியிலிருந்து சுமையாளரின் உரிமைக்கு அவர் கடந்து சென்ற வழி, திருச்சபை வரலாற்று மாணவர் மறக்கலாகாத ஒன்றாகும்.

3. தீயும் தீர்வும்

அவ்வாண்டின் கோடையில் குமாவோனின் காடுகள் பற்றியெரிந்தன. வரலாற்றறிஞர் இராமச்சந்திர குகா இத்தீயைப் பற்றிக் கருதத்தக்க செய்தி ஒன்றை எடுத்துக்காட்டுகிறார். மரத்துக்கும் பிசினுக்குமாக அரசு பேணிய பைன் காடுகளிலேயே தீ மூண்டது. ஊராரின் வாழ்வுக்கு இன்றியமையாத அகன்ற இலைக் காடுகள் தீண்டப்பட்டதற்குச் சான்றில்லை என்பது அவர் கருத்து. இது உண்மையாயின், மக்கள் பகைத்தது மரத்தையன்று, வேலியையே எனக் கொள்ளலாம்.

அரசு ஆணையர் விந்தாமின் தலைமையில் 1921இலேயே ஒரு குறைகேள் குழுவை அமைத்தது. அக்குழு 5000க்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்தது. வணிகப் பயன் குறைந்த காடுகளை வனத்துறையின் பிடியிலிருந்து விடுவிக்கவும், ஊராரே காடுகளை ஆள வழிசெய்யவும் பரிந்துரைத்தது. அதன் பயனாக, 1874ஆம் ஆண்டின் பட்டியல் மாவட்டச் சட்டத்தின்கீழ் 1931இல் வனப் பஞ்சாயத்து விதிகள் பிறந்தன.

ஊரார் தமக்குள் சிலரைப் பஞ்சர்களாகத் தேர்ந்துகொள்வர்; அவர்களுள் ஒருவர் சர்பஞ்ச் ஆவார். இவர்களுக்கு ஊதியம் இல்லை. காடு எப்போது அடைக்கப்படும், எப்போது புல்லறுக்கத் திறக்கப்படும், ஒரு வீட்டிலிருந்து எத்தனை பேர் வரலாம் என்பவற்றை இவர்களே முடிவு செய்வர். வரம்பு மீறினவரின் அரிவாளைப் பறிமுதல் செய்து தண்டம் விதிப்பர். காவலாள் வைக்கும் ஊர்களில் வீட்டுக்கு வீடு தானியமோ பணமோ திரட்டி அவருக்கு அளிப்பர். சில ஊர்களில் முறைவைத்துத் தாமே காவல் காப்பர்.

இவ்விடத்திலேயே இவ்வரலாற்றின் மையத்தைக் காண்கிறோம். 1921இல் கூலியில்லா உழைப்பை ஆற்றில் எறிந்த மக்கள், பத்தே ஆண்டுகளுக்குப்பின் கூலியில்லா உழைப்பைத் தாமே விரும்பி ஏற்றனர். உடல் வருத்தம் இரண்டிலும் உண்டு. கூலி இரண்டிலும் இல்லை. ஆயினும் முன்னதில் முடிவு செய்பவர் ஒருவர், சுமப்பவர் வேறொருவர். பின்னதில் சுமப்பவரே முடிவு செய்பவர். கட்டாய ஊழியத்தை மனமுவந்த ஊழியத்தினின்று வேறுபடுத்துவது கூலியன்று, பொறுப்பிலுள்ள பங்கே என்பது இதனால் விளங்கும். நெகேமியா மூன்றாம் அதிகாரத்தில் பலர் தத்தம் வீட்டுக்கு எதிரேயுள்ள அலங்கத்தைப் பழுதுபார்த்ததும் இவ்வகையினதே.

4. நிறையும் குறையும்

இவ்வேற்பாடு நிலைத்ததா? இன்று உத்தராகண்ட் மாநிலத்தில் 11,000க்கும் மேற்பட்ட வனப் பஞ்சாயத்துகள் நான்கு இலட்சம் எக்டேருக்கு மேற்பட்ட காட்டைப் பொறுப்பில் கொண்டுள்ளன. சோமநாதன், பிரபாகர், மேத்தா ஆகிய ஆய்வாளர் மூவர் 2009இல் வெளியிட்ட ஆய்வின்படி, இவற்றின் காடுகள் அரசுக் காடுகளினும் தாழ்ந்தனவல்ல. செலவோ ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே.

எனினும் இதனைக் குற்றமற்ற பொற்காலமெனப் புனைதல் நேர்மையன்று. பல ஊர்களில் பஞ்சர்களாய் அமர்ந்தவர் மேல்சாதி ஆண்களே. நிலமற்ற தலித் மக்கள் விதிக்கு உட்பட்டனரேயன்றி, விதியை வகுக்கும் அவையில் உரிய இடம் பெறவில்லை. நாள்தோறும் காட்டுக்குச் செல்லும் பெண்களின் நிலையும் அதுவே. 1974 மார்ச் 26 அன்று, கார்வாலின் ரேணி கிராமத்தில் ஆண்கள் ஊரில் இல்லாத வேளையில், கௌரா தேவியின் தலைமையில் பெண்கள் சென்று ஒப்பந்தக்காரரின் ஆட்களைத் தடுத்துத் திருப்பினர். அது பஞ்சாயத்துக் காடன்று, அரசின் ஒதுக்குக் காடு. ஆயினும் காவலின் பாரம் உண்மையில் யார் தோளில் இருந்தது என்பதை நாடு அன்று கண்டது.

அரசின் கையும் மீண்டும் நீண்டது. 1976ஆம் ஆண்டின் விதிகள் பஞ்சாயத்துகளின் உரிமைகளைச் சுருக்கி, வருவாயின்மேல் அதிகாரிகளின் பிடியை இறுக்கின. 1997க்குப்பின் கூட்டு வன மேலாண்மைத் திட்டத்தின் வழியாகப் பெரும்பணம் சில கிராமங்களுக்கு வந்தது. பெண்கள் ஊதியமின்றிக் காத்துவந்த காட்டில், பணம் வந்ததும் பொறுப்பு ஆண்களின் கைக்கு மாறிய நிகழ்ச்சியை ஆய்வாளர் மது சரீன் பதிவு செய்துள்ளார். கட்டாயம் ஊழியத்தை அழிப்பதுபோலவே, பொறுப்பைப் பறித்துக்கொண்டு வழங்கப்படும் பணமும் அதனை அழிக்கக்கூடும். 2005ஆம் ஆண்டின் விதிகள் பெண்களுக்கு இடம் ஒதுக்கின. ஆனால் இடம் கிடைப்பதும் குரல் கேட்கப்படுவதும் ஒன்றல்ல.

5. நமக்குரிய படிப்பினை

ஆதியாகமத்தின் இரண்டாம் அதிகாரத்தில் மனிதனுக்குத் தோட்டத்தின்மேல் இரு பணிகள் அளிக்கப்படுகின்றன. முதலாவதற்குரிய எபிரெய வினை 'ஆபாத்' என்பது. நிலத்தைப் பயிரிடுதலையும், ஒருவருக்குப் பணிவிடை செய்தலையும், கடவுளை வழிபடுதலையும் அது குறிக்கும். எகிப்தில் இஸ்ரவேலர் பட்ட அடிமை வேலைக்கும் அதே வேர்ச்சொல்லே வருகிறது. நம் 'ஊழியம்' என்னும் சொல்லைப் போலவே அதுவும் இருமுகமுடையது. பார்வோனின் கீழ் அது அடிமைத்தனம். நம்பிக்கையோடு ஒப்படைக்கப்பட்ட தோட்டத்தில் அதுவே வழிபாடு. இரண்டாவது வினையாகிய 'ஷாமார்', காத்தலைக் குறிப்பது.

இவ்வரலாற்றின் ஒளியில் நம்மையே நாம் ஆராய்தல் நன்று. நம் சபைகள் பலவற்றுக்கு வளாகங்களும் தோப்புகளும் உண்டு. ஆண்டுக்கொருமுறை மரம் நடு விழா நடத்துகிறோம். ஆயர் நடுகிறார், சபையார் நிற்கின்றனர், கன்று வாடுகிறது. அதற்கு நீர் ஊற்றுபவர் யார் எனக் கேட்பதற்குமுன், அது எங்கு நிற்கவேண்டும், அதன் நிழலும் கனியும் யாருக்கு என்று முடிவு செய்தவர் யார் எனக் கேட்டோமா? மரத்துக்குப் பொருந்துவது ஓய்வுநாள் பள்ளிக்கும், பாடகர் குழுவுக்கும், பெண்கள் ஐக்கியத்துக்கும் பொருந்தும். உழைப்பை மட்டும் கேட்டு, முடிவைக் கமிட்டியின் அறையில் வைத்துக்கொள்ளும் சபையில், தொண்டர்கள் குறைகின்றனர் எனக் குருமார் வருந்துவதில் பொருளில்லை.

அலங்கம் கட்டிய நாளில் தெக்கோவாவின் மேன்மக்கள் தோள் கொடுக்கவில்லை என்று வேதம் அவர்களைச் சுட்டுகிறது. ஆனால் அதே ஊரின் எளிய மக்கள் தம் பங்கை முடித்து, பின்னர் மற்றொரு பங்கையும் கட்டினர் எனவும் அதே அதிகாரம் கூறுகிறது. குமாவோனின் மலைகளில் அத்தகைய தெக்கோவா ஊரார் இன்றும் உளர். நம் சபைகளிலும் அவர்கள் உளர். வேலையைப் போலவே சாவியையும் அவர்கள் கையில் கொடுக்க நமக்குத் துணிவுண்டா என்பதே நம்முன் நிற்கும் வினா.