கியரும் லைசென்சும்

தஞ்சை மாவட்டத்தில் இரு சக்கர மோட்டார் வண்டிக்கு லைசென்சு பெற்றவர் எவரும் 'எட்டுப் போட்டு'த்தான் அதனைப் பெற்றிருப்பார். எட்டு என்னும் எண்ணின் வடிவில், காலைத் தரையில் ஊன்றாமல் வண்டியைச் செலுத்திக் காட்டுவதே அச்சோதனை. ஓட்டிய வண்டி கியர் உடையதா, கியர் அற்றதா என்பதற்கேற்ப உரிமத்தில் வகையும் வேறாகிறது. ஆனால் அதே மைதானத்தில் கார் ஓட்டிக் காட்ட வந்தவரைக் குறித்து இவ்வேறுபாடு எழுவதில்லை. கிளட்சை மிதித்துக் கையால் கியர் மாற்றும் காராயினும், தானே மாற்றிக்கொள்ளும் ஆட்டோமாட்டிக் காராயினும், 'இலகு ரக மோட்டார் வாகனம்' என்ற ஒரே வகைதான். சிறிய வண்டியில் இத்தனை கண்டிப்பும் பெரிய வண்டியில் இத்தனை தாராளமும் எவ்வாறு நேர்ந்தன? வண்டிகளின் வரலாற்றைச் சற்றுப் புரட்டினால் விடை கிடைக்கும்.

முதலில் கியர் எதற்கு என்பதைத் தெரிந்துகொள்வோம். நெல் மூட்டை ஏற்றிய பார வண்டியை ஆற்றங்கரை மேட்டில் ஏற்றும் மாடுகளைக் கண்டிருப்பீர்கள். நின்ற நிலையிலிருந்தே அவை முழு பலத்தையும் கொடுத்து இழுக்கும். பெட்ரோல் எஞ்சினுக்கு அந்த ஆற்றல் இல்லை. அது ஓரளவு வேகமாகச் சுழன்றால்தான் அதற்கு வலிமை பிறக்கும். சுழற்சி குறைந்தால் அடங்கி நின்றுவிடும். ஆகவே எஞ்சின் வேகமாகச் சுழல, சக்கரம் மெதுவாக, ஆனால் மிகுந்த விசையுடன் சுழலும்படி இடையிலே பற்சக்கரங்கள் வேண்டும். வண்டி வேகம் பெறப் பெற அந்த விகிதத்தை மாற்றவும் வேண்டும். மாற்றும் நேரத்தில் எஞ்சினைச் சக்கரத்திலிருந்து பிரித்து வைப்பது கிளட்சு. நீராவி எஞ்சின் இவ்விஷயத்தில் மாட்டைப் போன்றது; நின்ற நிலையிலேயே அது முழு விசையையும் தரும். 1903-இல் சென்னை சிம்ப்சன் கம்பெனியில் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் உருவாக்கிய கார் நீராவியால் ஓடியதுதான். உலகம் பெட்ரோலின் பக்கம் சாய்ந்தது; கியரும் கூடவே வந்தது.

சட்டம் தொடக்கத்தில் இந்த நுட்பங்களைக் கவனிக்கவே இல்லை. இங்கிலாந்தில் 1903-ஆம் ஆண்டுச் சட்டம் ஓட்டுநர் உரிமத்தைக் கட்டாயமாக்கியது. ஆனால் சோதனை எதுவும் வைக்கவில்லை, கட்டணம் கட்டியவருக்கெல்லாம் உரிமம் கிடைத்தது. அங்கே சோதனை கட்டாயமானது 1935-இல்தான். நம் நாட்டில் மாகாணத்திற்கு ஒரு சட்டமாக இருந்ததை மாற்றி, 1914-இல் இந்திய மோட்டார் வாகனச் சட்டம் எங்கும் ஒரே முறையைக் கொண்டுவந்தது. வண்டி என்பதே புதுமையாக இருந்த காலம் அது. அதன் உள்ளுறுப்பைப் பார்த்து உரிமத்தை வகுக்க வேண்டும் என்ற எண்ணம் அப்போது யாருக்குத் தோன்றியிருக்கும்?

ஆனால் ஓட்டுநர்களுக்கு அந்த உள்ளுறுப்பே எல்லாமாக இருந்தது. டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1912-இல் பஸ் தொழிலில் இறங்கினார். தஞ்சைக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே ஓடியது அவருடைய தொடக்ககாலப் பஸ்களுள் ஒன்று. அக்காலத்து வண்டிகளில் கியர் மாற்றுவது எளிய செயலன்று. வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரு பற்சக்கரங்களைச் சரியான கணத்தில் பொருத்த வேண்டும். ஒருமுறை கிளட்சை மிதித்து, கியரை நடுநிலைக்குக் கொண்டுவந்து, காலை எடுத்து, எஞ்சினின் வேகத்தைக் காதால் கேட்டுச் சரிசெய்து, மறுபடியும் மிதித்து அடுத்த கியரில் சேர்க்க வேண்டும். கணம் தவறினால் பற்கள் ஒன்றோடொன்று உராய்ந்து அலறும். பஸ்ஸிலுள்ள அத்தனை பேருக்கும் ஓட்டுநரின் தேர்ச்சி தெரிந்துவிடும். 1928-இல் அமெரிக்காவில் காடிலாக் கார்களில், பற்சக்கரங்களின் வேகத்தைத் தாமே ஒன்றாக்கிக்கொள்ளும் அமைப்பு வந்தது. 1939-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் முற்றிலும் தானியங்கும் கியர்ப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இடக்காலுக்கு வேலை இல்லாமற் போயிற்று.

அதே 1939-இல்தான் இந்தியாவில் இரண்டாவது மோட்டார் வாகனச் சட்டமும் பிறந்தது. அமெரிக்கக் கியர்ப் பெட்டிக்கும் இந்தச் சட்டத்திற்கும் ஒரு தொடர்பும் இல்லை. காலம் மட்டுமே ஒன்று. விடுதலைக்குப் பின் நம் சாலைகளை ஆண்டவை அம்பாசடரும் பியட்டும். இரண்டும் கையால் கியர் மாற்றும் வண்டிகளே. ஆட்டோமாட்டிக் கார் என்பது பெரும்பாலோர் கண்ணால் காணாத பொருள். இல்லாத வண்டிக்கு எந்தச் சட்டமன்றம் விதி எழுதும்?

கியர் அற்ற வண்டி நம் நாட்டு மக்களுக்கு வேறு வழியில் வந்து சேர்ந்தது. 1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 என்னும் சிறு மோப்பெட் வெளிவந்தது. தஞ்சைச் சாலையில் பஸ் ஓட்டித் தொடங்கிய குடும்பத்தின் தொழிலகமே அதையும் செய்தது என்பது வரலாற்றில் நேர்ந்த ஓர் அழகிய தற்செயல். கியரும் இல்லை, கிளட்சுப் பிடியும் இல்லை. காவிரிப் படுகை உழவருக்கு அது இரண்டாவது மாட்டு வண்டியாயிற்று. நெல் மூட்டை, உரம், புல்லுக்கட்டு எல்லாம் அதன் மேல் ஏறின. 1984-இல் கைனடிக் ஹோண்டா என்னும் கியரற்ற ஸ்கூட்டர் வந்தது.

ஆகவே 1988-இல் மூன்றாவது சட்டம் எழுதப்பட்டபோது, கியரற்ற மோட்டார் சைக்கிள், கியருள்ள மோட்டார் சைக்கிள் என்ற பிரிவு அதில் தெளிவாக இடம்பெற்றது. மேலும் ஒரு நுட்பமான விளக்கமும் சேர்க்கப்பட்டது. கியருள்ள வண்டியில் தேறியவர் கியரற்ற வண்டியிலும் தேறியவராகவே கருதப்படுவார். கியரற்றதில் தேறியவருக்கு மற்றதை ஓட்ட உரிமை இல்லை. பதினாறு வயது நிரம்பியவர் கியரற்ற வண்டியை ஓட்டலாம் என்றும் அச்சட்டம் அனுமதித்தது. ஆறே ஆண்டுகளில், 1994-இல், அவ்விதி திருத்தப்பட்டது. கியரற்றது என்ற சொல் நீக்கப்பட்டு, எஞ்சினின் கொள்ளளவு 50 சி.சி.க்கு மேற்படாதது என்ற அளவு வந்தது. காரணத்தை ஊகிப்பது கடினமன்று: கியர் இல்லாமலே வலிமை மிக்க ஸ்கூட்டர்கள் வந்துவிட்டன.

மாணவர்கள் இவ்விடத்தைக் கூர்ந்து நோக்க வேண்டும். உழவர் வீட்டு வாசலில் நிற்கும் மோப்பெட்டும் இப்போது பழைய 50 அன்று; அதன் வழிவந்த எக்ஸ்.எல். 100 வண்டியின் எஞ்சின் 99.7 சி.சி. கொண்டது. பதினொன்றாம் வகுப்பு மாணவன் அதை ஓட்டிக்கொண்டு டியூஷனுக்குச் செல்வதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சிறுவர் புரியும் இத்தகைய குற்றத்திற்குப் பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ பொறுப்பாவர். மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. அச்சிறுவன் 25 வயது வரை உரிமம் பெறவும் இயலாது. இத்தனை கடுமையான விதியைக் கிராமத்துத் தகப்பனார்களுள் எத்தனை பேர் அறிந்திருப்பார்களோ!

இனிக் காருக்கு வருவோம். 2014-இல் மாருதி நிறுவனத்தின் செலேரியோ கார், கையால் மாற்றும் கியர்ப் பெட்டியையே இயந்திரம் தானாக மாற்றும் அமைப்புடன் வந்தது. விலை குறைவு, ஆகவே ஆட்டோமாட்டிக் என்பது செல்வருடைய பொருளாக இருந்த நிலை மாறியது. பின்னர் மின்சாரக் கார்களும் பெருகின. சட்டமோ 1988-இல் நின்ற இடத்திலேயே நிற்கிறது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளுள் பதினைந்தாவது விதி, சோதனையில் ஓட்டுநர் என்னென்ன செய்து காட்ட வேண்டும் என்று வகுத்துரைக்கிறது. உச்சக் கியர் வரை எல்லாக் கியர்களையும் சேர்த்து வண்டியைச் செலுத்துதல், இறக்கத்தில் விரைவாகக் கீழ்க்கியருக்கு மாற்றுதல், செங்குத்தான ஏற்றத்தில் நிறுத்தி, பின்னுக்கு உருளாமல் மீண்டும் கிளப்புதல் ஆகியவை அவற்றுட் சில. மாற்றுவதற்குக் கியரே இல்லாத மின்சாரக் காரில் ஒருவர் இவற்றுள் முதலிரண்டை எங்ஙனம் செய்து காட்டுவார்?

தஞ்சைத் தரணி சமவெளி. இங்கே ஏற்றத்திற்கு எங்கே போவது என்று கேட்கலாம். காவிரி, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு என்று ஆறுகள் பிரிந்து பாயும் நாட்டில், ஒவ்வோர் ஆற்றுப் பாலத்தின் முகப்பும் ஓர் ஏற்றந்தான். அறுவடைக் காலத்தில் நெல் ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால் பாலத்தின் சரிவில் நின்று, மறுபடி கிளப்ப வேண்டியிருக்கும். ஆட்டோமாட்டிக் காரில் மட்டும் பழகியவர் அந்த இடத்தில் கிளட்சுள்ள வண்டியை எடுத்தால், எஞ்சின் அணைந்து வண்டி பின்னுக்கு உருளும். எதிர்மாறான தவறும் உண்டு. கிளட்சுக்குப் பழகிய இடக்கால், அது இல்லாத வண்டியில் பிரேக்கை ஓங்கி மிதித்துவிடும். ஆனால் உருளும் வண்டியே அதிக ஆபத்து என்பது என் கருத்து.

பிற நாடுகள் இதை வகுத்துவிட்டன. இங்கிலாந்தில் ஆட்டோமாட்டிக் காரில் தேறியவர் அவ்வகையை மட்டுமே ஓட்டலாம். தஞ்சை, மன்னார்குடி, நாகைப் பக்கத்து இளைஞர் பலர் பிழைப்பு நாடிச் செல்லும் சிங்கப்பூரில் கிளட்சு மிதி இல்லாத காருக்கு '3ஏ' என்று தனி வகுப்பே உண்டு. மலேசியாவிலும் இரண்டும் வேறு வேறு. எனினும் நாம் அப்படியே பின்பற்ற வேண்டும் என்று சொல்லத் துணியவில்லை. இடக்கால் இழந்த ஒருவருக்கு ஆட்டோமாட்டிக் கார் பெரும் வரம். புதுப் பாகுபாடு அவருக்குப் புதிய தடையாகிவிடலாகாது. 2018-இல் தமிழக அரசு, வேலைக்குச் செல்லும் மகளிர்க்கு 125 சி.சி.க்கு மேற்படாத கியரற்ற வண்டி வாங்க 25,000 ரூபாய் வரை மானியம் அறிவித்ததும் நினைவுகூரத்தக்கது. கியர் இல்லாமை பலருக்கு முதன்முதலாகச் சாலையைத் திறந்துவிட்டிருக்கிறது.

டிராக்டரைப் பற்றிய ஒன்றுதான் இன்னும் எஞ்சியுள்ளது. 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சுமையின்றி 7,500 கிலோவுக்கு மேற்படாத டிராக்டரும் இலகு ரக வாகனமே. உழவர் வீடுகளிலுள்ள டிராக்டர்கள் பெரும்பாலும் அந்த எடைக்கு உட்பட்டவை. டிரெய்லர் பூட்டியதனால் மட்டும் ஓட்டுநரின் உரிமம் செல்லாததாகிவிடாது என்று உச்சநீதிமன்றம் 2001-இல் தீர்ப்பளித்தது. இலகு ரக உரிமம் உள்ளவர் அதே எடை வரம்புக்குட்பட்ட சரக்கு வண்டிகளையும் ஓட்டலாம் என்பதை ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்தது. ஆக, நகரத்தில் கிளட்சே இல்லாத காரில் சோதனை தேறிய ஓர் இளைஞர், தை மாதத்தில் ஊருக்கு வந்து, கியர் மாற்றுவதற்கு ஒன்றும், உயர்நிலை தாழ்நிலை தேர்வதற்கு ஒன்றுமாகத் தனித்தனி நெம்புகோல்கள் உள்ள டிராக்டரில், பின்னால் நெல் மூட்டைகளோடு டிரெய்லரைப் பூட்டி, வெண்ணாற்றுப் பாலத்தில் ஏற்றினால், அவருடைய உரிமத்தில் குறை காண யாராலும் இயலாது.