விறகில்லாத தீவின் புகை

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால், அட்லாண்டிக் காற்று ஓயாமல் அடிக்கிற இடத்தில் ஐலா என்ற தீவு இருக்கிறது. பரப்பளவில் சிங்கப்பூரைவிடக் கொஞ்சம் சின்னது. 1831இல் அங்கே சுமார் 15,000 பேர் வாழ்ந்தார்கள். 2011 கணக்கெடுப்பில் 3,228 பேர். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே நடந்ததை எந்த விஸ்கி போத்தலின் அட்டையும் சொல்லாது. அட்டையில் 'பாரம்பரியம்', 'தீவின் ஆன்மா' என்று இருக்கும். எனக்கு என்னவோ, அந்த விஸ்கியின் புகைவாசத்தைப் பிடித்துக்கொண்டு போனால் அட்டை சொல்லாத கதைக்கும் போய்விடலாம் என்று தோன்றுகிறது.

முதலில், புகை எப்படி உள்ளே வந்தது? மால்ட் விஸ்கி செய்ய பார்லியை ஊறவைத்து முளைகட்ட வேண்டும், வீட்டில் பச்சைப்பயறு முளைகட்டுகிற மாதிரிதான். முளை விட்டதும் சூடு காட்டி நிறுத்திவிட வேண்டும். விட்டால், சாராயமாக வேண்டிய மாவுச்சத்தைச் செடியே தின்றுவிடும். சூடு காட்ட எரிபொருள் வேண்டும். ஐலாவில் மரம் குறைவு. நிலக்கரி வேண்டுமானால் காசு கொடுத்துக் கப்பலில் இறக்க வேண்டும். சும்மா கிடைத்தது பீட் மட்டும்தான். சதுப்பில் பாசியும் புல்லும் ஹெதர் செடியும் முழுதாக மக்காமல், ஆயிரக்கணக்கான வருடங்களாகப் படிந்து கறுத்துப்போன மண் அது. நிலக்கரி ஆகாத நிலக்கரி என்று சொல்லலாம். வசந்த காலத்தில் செங்கல் செங்கலாக வெட்டி, கோடையில் காயவைத்து, குளிர்காலம் முழுக்க எரிப்பார்கள். வீட்டு அடுப்பிலும் அதுதான், பார்லி உலர்த்தும் சூளையிலும் அதுதான். ஈரத் தானியத்தில் புகை ஒட்டிக்கொண்டது. யாரும் ருசிக்காகச் செய்யவில்லை. வேறு வழியில்லை, அவ்வளவுதான்.

ஸ்காட்லாந்தின் பிற பகுதிகளிலும் பீட் எரித்தார்கள். ஆனால் 1863இல் ஸ்ட்ராத்ஸ்பே ரயில்பாதை திறந்து, ஸ்பேசைடு வட்டாரத்துக்கு நிலக்கரி சுலபமாக வரத் தொடங்கியதும் அங்கே புகை மெல்ல விலகியது. ஐலாவுக்கு ரயில் கடைசிவரை வரவில்லை. இன்னொரு காரணமும் உண்டு. 1860இல் வந்த சட்டம் மால்ட் விஸ்கியையும் மற்ற தானிய விஸ்கியையும் வரி கட்டும் முன்பே கலக்க அனுமதித்தது. கலப்பு விஸ்கி வியாபாரம் பெருத்தது. கலப்பவர்களுக்கு ஐலா விஸ்கி, சாம்பாரில் பெருங்காயம் மாதிரி. தனியாக யாரும் தின்ன மாட்டார்கள், ஆனால் ஒரு சிட்டிகை இல்லாவிட்டால் சப்பென்று இருக்கும். வறுமையின் புகைக்கு இப்படி ஒரு சந்தை கிடைத்தது.

இந்தப் புகை எல்லாப் போத்தலிலும் ஒன்றுபோல இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. தீவின் தென்கரையில் லஃப்ராய்க், லகவூலின், ஆர்ட்பெக் என்ற மூன்று வடிசாலைகள் ஐந்து கிலோமீட்டருக்குள் அடுத்தடுத்து நிற்கின்றன. மூன்றும் 1810களில் தொடங்கியவை. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குடித்துப் பார்த்திருக்கிறேன். 10 வருட லஃப்ராய்க் மூக்குக்கு வருவதற்குள் மருத்துவமனை வராந்தா வந்துவிடும். டெட்டால், பேண்டேஜ் துணி, பின்னால் உப்புக் கருவாடு. 16 வருட லகவூலின் அப்படித் தாக்காது. அணைந்த விறகடுப்பு ஓரமாக வைத்த தே-ஓ, அதில் இரண்டு காய்ந்த திராட்சை. 10 வருட ஆர்ட்பெக் எலுமிச்சைத் தோலைத் தணலில் வாட்டின மாதிரி பளிச்சென்று தொடங்கும், புகைக்கரி மெதுவாகத்தான் வரும்.

பொறியியல் படித்தவன், எண்ணைத் தேடாமல் இருக்க முடியாது. புகையை பார்லியில் ஒட்டிய ஃபீனாலை வைத்து அளக்கிறார்கள், பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று. ஆர்ட்பெக் சுமார் 55, லஃப்ராய்க் 40க்குக் கொஞ்சம் மேல், லகவூலின் சுமார் 35. அப்படியென்றால் ஆர்ட்பெக்தானே மூச்சடைக்க வேண்டும்? நாக்கு அப்படிச் சொல்வதில்லை. காரணம், அந்த எண் சூளையிலிருந்து வந்த பார்லிக்கு உரியது. போத்தலுக்கு வருவதற்குள் அதில் பெரும்பகுதி தொலைந்துவிடும். எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்வது செம்பு வாலை. ஆர்ட்பெக்கின் வாலைக் கழுத்தில் ஒரு சின்னக் கலம் உண்டு. கனமான ஆவியைக் குளிரவைத்துத் திரும்ப உள்ளே அனுப்பிவிடும். அதனால்தான் அந்த எலுமிச்சை வெளிச்சம். லஃப்ராய்க்கில் முதலில் வடிகிற பழவாசனைப் பகுதியை நெடுநேரம் ஒதுக்கிவிட்டுத்தான் சேகரிக்கத் தொடங்குவார்கள். ஃபீனால் கடைசியில்தான் அதிகம் வரும். இனிப்பு கழிந்து மருந்து நிற்கிறது. லகவூலினில் மிக மெதுவாகக் காய்ச்சுகிறார்கள், 16 வருட மரப்பீப்பாய் மிச்ச முனையையும் மழுக்கிவிடுகிறது.

இதை விலைகொடுத்துக் கற்றவர் லகவூலினின் முதலாளி பீட்டர் மேக்கி. பக்கத்து லஃப்ராய்க்கை விற்றுக்கொடுக்கும் உரிமை அவரிடம் இருந்தது. 1907இல் அது போனதும் கோபத்தில் லஃப்ராய்க்குக்குப் போகும் தண்ணீரையே மறித்தார். நீதிமன்றம் திறந்துவிடச் சொன்னது. 1908இல் தன் வளாகத்துக்குள்ளேயே மால்ட் மில் என்று ஒரு வடிசாலை கட்டினார். லஃப்ராய்க் மாதிரியே வாலைகள் செய்து, அதே சுவையை எடுக்கப் பார்த்தார். வரவில்லை. 1960களின் தொடக்கத்தில் மால்ட் மில் மூடப்பட்டது.

தண்ணீரை மறித்தவர் கதையை விஸ்கிப் பிரியர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஜான் ராம்சே பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. போர்ட் எலன் வடிசாலையைத் தலைநிமிர்த்தியவர், பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினர். 1855இல், இந்த மூன்று வடிசாலைகளும் நிற்கும் கில்டால்டன் பண்ணை நிலத்தை வாங்கினார். 1846இல் உருளைக்கிழங்கு அழுகல் நோய் வந்து குத்தகைக்காரர்கள் வாடகை கட்ட முடியாமல் கிடந்தார்கள். பழைய நிலவுடைமையாளரே திவாலாகியிருந்தார். ராம்சே தன் குடியானவர்களைக் கனடாவுக்குப் போகச் சொல்லி ஊக்குவித்தார், பயணத்துக்கு உதவவும் செய்தார். 1870இல் தானே கனடா போய் அவர்களைப் பார்த்துவிட்டு வந்தார். அவரை நல்லவர் என்று சொல்பவர்கள் உண்டு, ஊரைக் காலி செய்தவர் என்று சொல்பவர்களும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் தீவின் தெற்கே 'ஓ' என்கிற தீபகற்பத்தில் கூரையில்லாத கல்வீடுகள் இன்னும் நிற்கின்றன. அந்த அடுப்புகளிலும் பீட்தான் எரிந்தது. விஸ்கியில் நாம் ருசி என்று சொல்வது அவர்கள் சட்டையிலும் தலைமுடியிலும் இருந்த வாசம்.

புகையும் ஒரு கட்டத்தில் காலிசெய்யப்படப் பார்த்தது. 1980களில் கலப்பு விஸ்கி விற்பனை சரிந்தது. பெருங்காயத்துக்கு யாருக்கும் தேவையில்லை. 1981இல் ஆர்ட்பெக் மூடியது, 1983இல் போர்ட் எலன். பிறகு காற்று திரும்பியது. 1988இல் லகவூலின் 16 தனிப் போத்தலாகப் பெரிய விளம்பரத்தோடு வந்தது. சிங்கிள் மால்ட் என்றாலே அந்தஸ்து என்றானது. ஆர்ட்பெக்கை 1997இல் வேறொரு நிறுவனம் வாங்கி எழுப்பியது. மூடிய போர்ட் எலனின் மிச்சப் பீப்பாய்கள் போத்தலுக்கு ஆயிரக்கணக்கான பவுண்டு விலைக்குப் போயின. 2024இல் அந்த வடிசாலையும் திறந்துவிட்டது. வேறு எரிபொருள் வாங்க முடியாதவர்களின் புகை, வாங்க முடிந்தவர்களுக்கான புகையாகிவிட்டது.

பீட் வருடத்துக்கு சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். ஒரு அடி வெட்டினால் முந்நூறு வருடம் போச்சு. அதில் பூட்டிவைத்திருந்த கரியும் காற்றில் கலக்கும். விஸ்கிக்காக எரிவது மொத்தத்தில் சிறு பங்குதான் என்றாலும், இன்று அது எரிவது யாருக்கும் குளிர் காயவோ கஞ்சி காய்ச்சவோ இல்லை என்பது எனக்கு உறுத்துகிறது. அதற்காக நான் குடிப்பதை நிறுத்தவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

1994இல் லஃப்ராய்க் ஒரு திட்டம் கொண்டுவந்தது. போத்தல் வாங்கிப் பதிவு செய்தால், ஐலாவில் ஒரு சதுர அடி நிலம் வாழ்நாள் குத்தகைக்கு உங்கள் பெயரில். அதற்கு வடிசாலையே உங்களுக்கு வாடகை தரும், நேரில் போனால் வருடத்துக்கு ஒரு சிறு கிளாஸ் விஸ்கி. நல்ல வேடிக்கைதான். உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்கள் இப்படி ஐலாவில் நிலம் வைத்திருக்கிறார்கள். வாடகை கட்ட முடியாமல் அந்த மண்ணைவிட்டுக் கப்பல் ஏறியவர்களின் பேரப்பிள்ளைகளும், ஒரு போத்தல் வாங்கினால், ஒரு சதுர அடியைத் திரும்பப் பெறலாம்.