வீட்டுக் கணினி வலையமைப்பு: போடிநாயக்கனூரும் ஏல மலைச்சரிவும்

ஒரு வீட்டிலுள்ள கணினி, கைபேசி, தொலைக்காட்சி, பிரிண்டர், கேமரா ஆகியவற்றைத் தமக்குள்ளும் இணையத்தோடும் சேர்க்கும் ஏற்பாடே வீட்டு வலையமைப்பு. தேனி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையடியில் இருக்கும் போடிநாயக்கனூரில் இதற்கான கருவிகள் மற்ற ஊர்களில் விற்பவைதான். ஆனால் இடி, மின்தடை, கனத்த சுவர் இவற்றைப் பார்க்காமல் வேகமான திட்டத்துக்குப் பணம் கட்டுவது வீண்.

ஊரின் முக்கியத் தொழிலான ஏலக்காய் வணிகம் முன்பே கணினிக்குள் வந்துவிட்டது. நறுமணப் பொருள்கள் வாரியம் 2007இல் இங்கே மின்னணு ஏலத்தைத் தொடங்கியது. 2021இல் கிளவுட் முறை வந்தபின் போடியிலும் இடுக்கி மாவட்டத்துப் புத்தடியிலும் உட்கார்ந்திருக்கும் வியாபாரிகள் ஒரே ஏலத்தில் விலை கேட்க முடிகிறது. வீட்டு வைஃபைக்கு வழிவிட்டது அதற்கும் முந்தைய ஒரு மாற்றம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குறைந்த திறனில் உரிமமின்றிப் பயன்படுத்த மத்திய அரசு 2005 ஜனவரியில் அனுமதித்தது. 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையைக் கட்டடத்துக்கு வெளியிலும் தாராளமாகப் பயன்படுத்தும் அனுமதி 2018 அக்டோபரில் வந்தது.

லைன் வருவது

இன்று பெரும்பாலும் கண்ணாடி இழைதான் வீடு வரை வருகிறது. பிஎஸ்என்எல், தனியார் நிறுவனங்கள், உள்ளூர் கேபிள்காரர்கள் என யாரிடம் வாங்கினாலும், சுவரில் மாட்டும் பெட்டி ஒளியை மின்சமிக்ஞையாக மாற்றித் தரும். அதில் ‘லாஸ்’ என்ற இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளி வரவில்லை என்று பொருள். ரவுட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் சரியாகாது. கதவிடுக்கில் நசுங்கிய இழை, ஜன்னல் கம்பியில் சுருட்டி இறுக்கிய இழை ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும்.

இணைப்பு வாங்குமுன் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: தெருக் கம்பத்தில் மின்சாரம் தேவைப்படும் ஸ்விட்ச் வைத்திருக்கிறார்களா, மின்சாரமே வேண்டாத ஸ்ப்ளிட்டரா? ஸ்விட்ச் என்றால் தெருவில் கரண்ட் போனதும் நெட்டும் போகும்; வீட்டு இன்வெர்ட்டரால் பயனில்லை. ஸ்ப்ளிட்டர் என்றால் 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று, மின்தடையின்போதும் பெட்டியை ஓட்டிவிடும்.

ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் 192.168 என்று தொடங்கும் முகவரி ஒன்றைத் தானே கொடுக்கிறது. 1994இல் தனி வலையமைப்புகளுக்கென ஒதுக்கப்பட்ட இந்த எண்கள் வீட்டு வாசலைத் தாண்டாது. சிறிய நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைப்பதால், வெளியூரிலிருந்து வீட்டுக் கேமராவை நேராகத் திறக்க முடியாமல் போகலாம். தனி முகவரி கேட்டு வாங்க வேண்டும், அல்லது கேமராவின் செயலி வழியே பார்க்க வேண்டும்.

இடி

கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் மாலை நேர இடி இங்கே வழக்கம். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது என்று நம்பி இருந்துவிடக் கூடாது. இழையைத் தாங்கும் எஃகுக் கம்பி வெளிச்சுவரிலேயே முடிய வேண்டும். பெட்டி வரை கொண்டுவரக் கூடாது. பெட்டிக்குப் போகும் மின்கம்பியும், மொட்டை மாடிக் கேமராவுக்கு ஓடும் செம்புக் கேபிளும் ஆபத்தை நேராக உள்ளே கொண்டுவரும். வானம் கறுத்தால் பிளக்கைப் பிடுங்குவது பலருக்கும் தெரியும். மாடிக் கேபிளைக் கழற்றுவதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

சுவர்

தெருவைப் பார்த்துக் குறுகலாகத் தொடங்கி நீளமாகப் பின்னால் ஓடும் பழைய வீடுகளில், லைன் முன்னறையில் நுழைவதால் ரவுட்டரும் அங்கேயே நின்றுவிடுகிறது. நடுவில் இரண்டு கனத்த சுவர், ஓர் இரும்பு பீரோ. அடுப்படியில் சிக்னல் இல்லை. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, சுவருக்குப் பணிந்துவிடும், 2.4 மெதுவானது, இன்னும் கொஞ்சம் உள்ளே போகும்.

நல்ல தீர்வு, ஒரு கேட்-6 கேபிளை வீட்டின் நடுப்பகுதி வரை இழுத்து அங்கே இரண்டாவது ரவுட்டரை வைப்பது. அதன் ‘லேன்’ துளையில் கேபிளைச் செருக வேண்டும். முகவரி வழங்கும் டிஎச்சிபி வேலையை அதில் நிறுத்தி, அதன் சொந்த முகவரியையும் முதல் ரவுட்டரோடு மோதாதபடி மாற்றிவிட வேண்டும். இரண்டிலும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. டிவி, மேசைக் கணினி போன்ற நகராத பொருள்களுக்குக் கேபிளே மேல். பெட்டியின் அடியில் அச்சிட்ட பாஸ்வேர்டை மாற்றி, பூட்டு முறையை டபிள்யுபிஏ-2 அல்லது 3 என வைப்பது ஐந்து நிமிட வேலை.

மலைமேல்

கொச்சி–தொண்டி நெடுஞ்சாலை 85 வழியே போடிமெட்டு ஏறினால் கணக்கு மாறுகிறது. தோட்டங்களில் பங்களா ஓரிடம், ஏலக்காயை உலர்த்தும் ஸ்டோர் வேறோரிடம். இரவெல்லாம் உலரும் காயின் சூட்டைப் பங்களாவிலிருந்தே பார்க்க விரும்பினால், இரண்டு கட்டடங்களுக்கும் இணைப்பு வேண்டும். செம்புக் கேபிள் 100 மீட்டருக்கு மேல் நம்பத்தக்கதல்ல; இடிக்கும் இலக்காகும். கண்ணாடி இழை இழுப்பதே சரி. சூடும் ஈரமும் நிறைந்த உலர்த்தும் அறைக்குள் மட்டும் ரவுட்டரை வைக்கக் கூடாது.

இழை இழுக்க வழியில்லாத இடத்தில் இரு கூரைகளிலும் எதிரெதிராக ஆன்டெனா மாட்டலாம். இவை ஒன்றையொன்று நேராகப் பார்க்க வேண்டும். ஏலச்செடி நிழலில் வளர்வது என்பதால் நடுவில் மரம் இல்லாத தோட்டமே இல்லை. நனைந்த இலை சிக்னலைக் குடித்துவிடும். சித்திரையில் நன்றாக ஓடிய இணைப்பு ஆடி மழையில் தடுமாறுவது இதனால்தான். மழைக்கு முன் நடக்கும் நிழல் மரக் கவாத்தின்போதே, ஆன்டெனாவுக்கு எதிரே வரும் கிளைகளையும் கழிக்கச் சொல்லிவிட வேண்டும்.