கொரியா: இருவரும் பொதுவில் விட்ட பெயர்

நாம் ‘கொரியா’ என்று சொல்லும் மண்ணில், எவரும் தாய்மொழியில் தம் நாட்டை அப்படி அழைப்பதில்லை. தெற்கில் இருப்பவர்களுக்கு அது ‘ஹன்குக்’, ஹான் மக்களின் நாடு. வடக்கில் இருப்பவர்களுக்கு அது ‘ஜோசொன்’. தெற்கத்தியர் வடக்கைக் குறிக்க வேண்டுமென்றால் ‘புக்ஹான்’ என்பார்கள். வட ஹான் என்று பொருள். வடக்கத்தியர் தெற்கை ‘நம்ஜோசொன்’, அதாவது தென் ஜோசொன், என்றே நெடுங்காலம் அழைத்தார்கள். ஆக, ஒருவர் வாயில் மற்றவருக்குத் தனிப் பெயரே கிடையாது. எதிரில் இருப்பது நம் நாட்டின் இன்னொரு திசை, அவ்வளவுதான்.

சென்னையில், கோட்டூர்புரத்திலிருந்து அடையாற்றைத் தாண்டினால் எதிர்க்கரையில் ராஜா அண்ணாமலைபுரம். அங்கே 2006 முதல் இயங்கும் இன்கோ என்ற இந்திய-கொரியப் பண்பாட்டு மையத்தில் நம் பிள்ளைகள் கொரிய மொழி படிக்கிறார்கள். அவர்கள் படிக்கும் மொழிக்குத் தெற்கில் ‘ஹன்குகோ’ என்று பெயர், எழுத்துக்கு ‘ஹங்குல்’ என்று பெயர். பியோங்யாங்கில் அதே மொழி ‘ஜோசொன்மல்’, அதே எழுத்து ‘ஜோசொன்குல்’. 15ஆம் நூற்றாண்டில் சேஜோங் மன்னர் எல்லாருக்குமாக உருவாக்கிய ஒரே எழுத்து அது. பாகப்பிரிவினையில் நிலம் பிரியும், வீடு பிரியும். குடும்பப் பெயரை யாரும் பிரிப்பதில்லை. இங்கே அதுவும் பிரிந்துவிட்டது.

இந்தப் பெயர்கள் எதுவும் பிரிவினைக்காகப் புதிதாகச் செய்யப்பட்டவை அல்ல, மூன்றும் பழையவை. ஜோசொன் என்பது தீபகற்பத்தின் வடபகுதியை ஆண்ட தொல் அரசின் பெயர். ஹான் என்பது தெற்கே இருந்த மஹான், ஜின்ஹான், ப்யோன்ஹான் என்ற மூன்று குடிக் கூட்டங்களின் பெயர். மூன்றாவது பெயர் கோர்யோ. வடக்கே வலுத்திருந்த கோகுர்யோ அரசின் பெயரைச் சுருக்கி, 918இல் வாங் கோன் தன் அரசுக்குச் சூட்டியது அது. 936இல் தீபகற்பம் அவன் ஆட்சியில் ஒன்றானது. ஒற்றுமையைக் கொண்டுவந்த அரசின் பெயரே வெளிநாடுகளுக்குப் பரவியது. சீனர்கள் அதைக் ‘காவ்லி’ என்றார்கள்; மார்க்கோ போலோ அதைக் கேட்டு ‘கவுலி’ என்று எழுதினார். போர்த்துகீசிய மாலுமிகள் வழியாக ஐரோப்பாவுக்குப் போய், ஆங்கிலத்தில் புகுந்து, தமிழில் ‘கொரியா’ ஆனது.

கோர்யோ அரசு 1392இல் வீழ்ந்தது. அடுத்து வந்த அரச மரபு பழைய ஜோசொன் பெயரை மறுபடி எடுத்துக்கொண்டு ஐந்து நூற்றாண்டு ஆண்டது. 1897இல் கோஜோங் மன்னர் தன்னைப் பேரரசராக அறிவித்து, நாட்டுக்குத் ‘தேஹான்’, மாபெரும் ஹான், என்று பெயர் மாற்றினார். 1910இல் நாட்டை விழுங்கிய ஜப்பான் அந்தப் பெயரை ஒழித்து, ஜோசொன் என்பதையே தன் உச்சரிப்பில் குடியேற்ற நாட்டுக்கு வைத்தது. 1919இல் ஷாங்காயில் கூடிய விடுதலைப் போராளிகள் தங்கள் தற்காலிக அரசுக்குத் ‘தேஹான் மின்குக்’ என்று பெயர் சூட்டினார்கள். பறிபோன பெயரை மீட்டெடுத்த செயல் அது.

1945 ஆகஸ்டில் ஜப்பான் தோற்றபோது, அமெரிக்க இராணுவ அதிகாரிகள் இருவர் வரைபடத்தைப் பார்த்து 38ஆவது இணைகோட்டில் எல்லையைக் குறித்தார்கள். வடக்கே சோவியத் படை, தெற்கே அமெரிக்கப் படை. தேர்தல் நடத்த ஐ.நா. அனுப்பிய தற்காலிகக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர் இந்தியாவின் கே. பி. எஸ். மேனன். வடக்கே போக அந்தக் குழுவை சோவியத் விடவில்லை. 1948 ஆகஸ்ட் 15இல் தெற்கு ‘தேஹான் மின்குக்’ ஆனது. செப்டம்பர் 9இல் வடக்கு ‘ஜோசொன்’ ஆனது. ஒன்று விடுதலைப் போராளிகள் சூட்டிய பெயர், மற்றொன்று ஐந்து நூற்றாண்டுகள் மக்கள் நாவில் புழங்கிய பெயர். இரண்டுக்கும் நியாயம் இருந்தது. விட்டுக்கொடுக்கத்தான் ஆளில்லை. அடுத்து இரு பக்கமும் மோதிய போருக்குக்கூடப் பொதுப்பெயர் இல்லை. தெற்கில் அது தொடங்கிய ஜூன் 25ஐ வைத்து ‘ஆறு-இருபத்தைந்து’. வடக்கில் ‘தாயக விடுதலைப் போர்’.

1953 ஜூலை 27இல் போர்நிறுத்தம் கையெழுத்தானது. அமைதி உடன்படிக்கை இன்றுவரை இல்லை. நாடு திரும்ப மறுத்த போர்க்கைதிகளைக் காக்கும் பொறுப்பு இந்தியாவிடம் வந்தது. நடுநிலை நாடுகள் குழுவுக்கு ஜெனரல் திம்மய்யா தலைவர். இந்தியப் படை தன் மண்ணில் கால்வைக்கக் கூடாது என்று தெற்கின் அதிபர் சிங்மன் ரீ மறுத்துவிட்டதால், கப்பலிலிருந்து ஹெலிகாப்டரில்தான் வீரர்களை எல்லைப் பகுதிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அவர்கள் அமைத்த முகாமுக்கு ‘இந்த் நகர்’ என்று பெயர்.

எந்தப் பக்கம் என்று கேட்டபோது அந்தக் கைதிகளில் சிலர் இரு பக்கமும் வேண்டாம் என்றார்கள். கொரியர் 76 பேர், சீனர் 12 பேர், ஆக 88 பேர். 1954 பிப்ரவரியில் திரும்பிய இந்தியப் படையோடு அவர்களும் கப்பலேறி, நம் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கினார்கள். இங்கிருந்து டெல்லிக்குப் போனார்கள். பின்னர் பலர் பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போய்விட, சிலர் இந்தியாவிலேயே தங்கினார்கள். ஹன்குக் என்று சொன்னாலும் ஜோசொன் என்று சொன்னாலும் ஒரு பக்கம் சாய்ந்துவிட வேண்டிய நிலையில், அவர்கள் இறங்கிய இந்த ஊரில்தான் இரண்டும் அல்லாத ஒரு பெயர் வழக்கில் இருந்தது. சோ இன்-ஹுன் 1960இல் எழுதிய ‘சதுக்கம்’ நாவலின் நாயகனும் இப்படி மூன்றாம் நாட்டைத் தேர்ந்தவன்தான். அவன் ஏறிய இந்தியக் கப்பலுக்கு நாவலாசிரியர் வைத்த பெயர் ‘தாகூர்’. அவன் கரை சேரவில்லை; வழியிலேயே கடலில் குதித்துவிடுகிறான்.

பொதுப்பெயரின் தேவையைப் பின்னாளில் வடக்கும் தெற்குமே உணர்ந்தன. 1980இல் வடக்கின் தலைவர் கிம் இல்-சுங் முன்வைத்த கூட்டாட்சித் திட்டத்தில் ஒன்றுபட்ட நாட்டுக்குக் கோர்யோ என்று பெயர். அந்தச் சொல் இரு பக்கமும் உயிரோடுதான் இருக்கிறது. வடக்கின் விமான நிறுவனம் ஏர் கோர்யோ. சியோலின் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றுக்கும் கோர்யோ என்றே பெயர். 1937இல் ஸ்டாலின் மத்திய ஆசியாவுக்கு நாடுகடத்திய கொரியர்களின் வழிவந்தோர் தம்மைக் ‘கோர்யோ சாரம்’, கோர்யோ மனிதர்கள், என்கிறார்கள். 1991இல் ஜப்பானின் சிபா நகரில் நடந்த உலக மேசைப்பந்துப் போட்டியில் இரு நாடுகளும் ஒரே அணியாக ஆடின. அணிக்கு என்ன பெயர்? ஹன்குக்கும் இல்லை, ஜோசொனும் இல்லை. ‘கொரியா’ என்று அயலார் சொல்லையே தம் எழுத்தில் எழுதிக்கொண்டார்கள். பெண்கள் அணி சீனாவை வென்று தங்கம் பெற்றது.

அந்த நெருக்கம் நிலைக்கவில்லை. 2023 ஜூலையில் வடக்கின் தலைவர் கிம் ஜோங்-உன்னின் தங்கை கிம் யோ-ஜோங் தன் அறிக்கையில் தெற்கைத் ‘தேஹான் மின்குக்’ என்று அதன் சொந்தப் பெயரால் குறிப்பிட்டார். மரியாதை என்று தோன்றும். உண்மையில் கதவைச் சாத்தும் ஓசை அது. தென் ஜோசொன் என்று சொன்னவரை, பகை இருந்தாலும் ஒரே நாடு என்ற உரிமை அதற்குள் இருந்தது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே, இனி நாம் ஓரினம் அல்ல, பகை நாடுகள் இரண்டு என்று கிம் ஜோங்-உன் அறிவித்தார். 2024 தொடக்கத்தில், பியோங்யாங்கில் நின்ற ஒன்றிணைப்பு வளைவையும் இடித்தார்கள்.

தமிழில் எழுதும் நமக்கு இதில் ஒரு சிறிய பொறுப்பு உண்டு. இருங்காட்டுக்கோட்டையில் தென் கொரியக் கார் ஆலை வந்த பிறகு, அந்நாட்டுத் தொலைக்காட்சித் தொடர்கள் வீட்டுக்குள் வந்த பிறகு, தெற்கை மட்டும் ‘கொரியா’ என்று எழுதுவது நமக்குப் பழகிவிட்டது. அப்படி எழுதும்போது, இரு தரப்புக்கும் பொதுவாக எஞ்சிய ஒரே பெயரை ஒரு தரப்புக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறோம். தெற்கைச் சொல்லும்போது தென் கொரியா என்றும், வடக்கைச் சொல்லும்போது வட கொரியா என்றும் முழுதாக எழுதுவோம். ‘கொரியா’, ‘கொரியர்’ என்ற சொற்களை அந்த மண் முழுமைக்கும், இரண்டும் வேண்டாமென்று நம் துறைமுகத்தில் இறங்கியவர்களுக்கும் உரியதாக வைத்திருப்போம். இரு பக்கத்தாரும் என்றாவது ஒன்றாகி, தங்களுக்கென்று ஒரு பெயரைத் தேர்ந்தால், அதையும் அப்படியே ஏற்றுக்கொள்வோம்.