கொறங்காடு

கொறங்காடு (கொரங்காடு எனவும் எழுதப்படும்) என்பது தமிழ்நாட்டின் கொங்கு மண்டலத்தில், குறிப்பாகக் காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில், மூலனூர் ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள வறண்ட பகுதிகளில் காணப்படும் வேலியிடப்பட்ட மேய்ச்சல் நிலம் ஆகும். இந்நிலங்கள் இன்றைய திருப்பூர், ஈரோடு, கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் பரவியுள்ளன. காங்கேயம் மாட்டினம் உருவாகி நிலைபெற்றதற்கு இம்மேய்ச்சல் முறை முதன்மையான காரணங்களுள் ஒன்றாகக் கருதப்படுகின்றது.

தமிழகத்தின் பெரும்பாலான ஊர்களில் மேய்ச்சல் நிலம் என்பது புறம்போக்காகவோ மந்தைவெளியாகவோ ஊருக்குப் பொதுவாக இருந்து வந்துள்ளது. கொறங்காடு இதிலிருந்து வேறுபட்டது. இது தனி உழவர்களுக்கு உரிமையான பட்டா நிலம்; நான்கு புறமும் உயிர்வேலி சூழ்ந்தது.

சூழல்

இப்பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் அமைந்துள்ளது. ஆண்டு மழையளவு ஏறத்தாழ 600 மில்லிமீட்டர் ஆகும். இதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவக்காற்றினால் கிடைக்கின்றது. மண் ஆழம் குறைந்து சரளை கலந்திருப்பதால் பயிர்த்தொழில் உறுதியற்றது. கொங்கு வட்டார வழக்கில் காடு என்னும் சொல் வனத்தை மட்டுமன்றி மானாவாரி நிலத்தையும் குறிக்கும். மழை பொய்த்தால் பயிர் அழியும். புல்லோ அடுத்த மழைக்கு மீண்டும் தழைக்கும். ஆகவே இங்குள்ள உழவர்கள் நிலத்தின் ஒரு பகுதியை மேய்ச்சலுக்கென்றே ஒதுக்கினர்.

அமைப்பு

கொறங்காட்டில் மூன்று அடுக்குகள் உண்டு.

புல்: கொழுக்கட்டைப் புல் இங்கு முதன்மையானது. இது வறட்சியைத் தாங்கி, சிறுமழைக்கும் துளிர்க்கக்கூடியது. இதனுடன் பல்வகைப் பயறுவகைச் செடிகளும் வளர்கின்றன.

மரம்: வெள்வேல மரங்கள் இடைவெளிவிட்டு வளர்க்கப்படுகின்றன. இவை கால்நடைகளுக்கு நிழல் தருகின்றன. புல் காய்ந்துவிடும் காலத்தில் இவற்றின் காய்கள் தீவனமாகின்றன.

வேலி: முள்கிளுவையே வேலியாகப் பயன்படுகின்றது. மழைக்கு முன்னர் இதன் போத்துகளை நெருக்கமாக வரிசையில் நட்டால் அவை வேர்பிடித்துத் தழைக்கும். அவ்வப்போது வெட்டிவிடுவதால் கிளைகள் அடர்ந்து, ஆடும் நுழைய இயலாத அரணாகின்றது. வெட்டிய தழை ஆடுகளுக்கு உணவாகும். நுழைவாயிலில் முள்ளாலோ கழிகளாலோ ஆன படல் வைக்கப்படும்.

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, மண் இறுகிப் புல் குறையும்போது, நிலத்தை உழுது சோளம் முதலியவற்றை விதைப்பதுண்டு. அதன் பின்னர் புல் மீண்டும் செழித்து வளர்கின்றது.

வேலியின் விளைவுகள்

உயிர்வேலி கால்நடை வளர்ப்பைப் பலவகையில் மாற்றியது.

முதலாவதாக, மேய்ப்பவரின் தேவை குறைந்தது. படலை அடைத்துவிட்டால் மாடுகள் பகல் முழுவதும் தாமாகவே மேயும். உழவர் வேறு வேலைகளைக் கவனிக்கலாம்.

இரண்டாவதாக, மேய்ச்சலை அளவோடு வைத்திருக்க முடிந்தது. ஒருவர் தம் நிலத்தைப் பல காடுகளாகப் பிரித்து, ஒன்றில் மேய்த்து மற்றொன்றுக்கு ஓய்வு கொடுக்கலாம். பொது மேய்ச்சல் நிலத்தில் தனியொருவர் இவ்வாறு செய்ய இயலாது. அவர் விட்டுவைத்த புல்லைப் பிறர் மாடு மேய்ந்துவிடும்.

மூன்றாவதாக, இனப்பெருக்கம் உரிமையாளரின் கட்டுப்பாட்டிற்குள் வந்தது. கண்ட காளையுடன் பசு சேராமல் வேலி தடுத்தது. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தினர் தேர்ந்தெடுத்த காளைகளைக் கொண்டு காங்கேயம் இனத்தை மேம்படுத்தியமைக்கு இத்தகைய மேய்ச்சல் நிலங்கள் உதவின. ஆடுகளில் மேச்சேரி இனமும் இந்நிலங்களில் வளர்க்கப்படுகின்றது.

எனினும் வேலிக்கு மறுபக்கமும் உண்டு. நிலமற்றவர்களுக்குப் பொது மேய்ச்சல் நிலம் தரும் உரிமை இங்கு இல்லை. அவர்கள் உரிமையாளரிடம் ஆண்டுக் குத்தகைக்கு நிலம் எடுத்தே ஆடுமாடுகளை மேய்க்க வேண்டியுள்ளது.

அமெரிக்க முள்கம்பி வேலியுடன் ஒப்பீடு

வேலி மேய்ச்சலை மாற்றியமைத்ததற்கு உலகில் மிகவும் அறியப்பட்ட எடுத்துக்காட்டு அமெரிக்காவின் மேற்குப் பகுதியாகும். 1862 ஆம் ஆண்டின் குடியேற்ற நிலச் சட்டம் குடியேறுவோருக்கு 160 ஏக்கர் வரை நிலம் வழங்கியது. ஆனால் மரம் அரிதான அப்புல்வெளியில் வேலி அமைக்கப் பொருள் இல்லை. அங்கும் ஓசேஜ் ஆரஞ்சு என்னும் முள்மரத்தாலான உயிர்வேலியே முதலில் பயன்பட்டது. அது வளர்ந்து அடர்த்தியாகப் பல ஆண்டுகள் ஆகும். இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த சோசப் கிளிடன் 1874 ஆம் ஆண்டு நவம்பர் 24 அன்று முள்கம்பிக்கான காப்புரிமையைப் பெற்றார். மலிவான இக்கம்பி விரைவில் பரவியது.

திறந்தவெளியில் மாடுகளை நெடுந்தொலைவு ஓட்டிச்செல்லும் முறை இதனால் முடிவை நெருங்கியது. நீர்நிலைகளும் பொதுவழிகளும் அடைபட்டதால் டெக்சாசில் 1883 ஆம் ஆண்டில் வேலி வெட்டும் கலகங்கள் மூண்டன. 1884 இல் அம்மாநிலம் வேலி வெட்டுவதைக் கடுங்குற்றமாக்கியது. பொது நிலத்தைச் சட்டத்திற்குப் புறம்பாக அடைப்பதை 1885 இல் நடுவண் சட்டம் தடைசெய்தது. 1886 சனவரியில் பனிப்புயலுக்கு அஞ்சித் தெற்கு நோக்கி நகர்ந்த மாடுகள் வேலிகளில் தடைபட்டுப் பெருந்தொகையில் மடிந்தன.

இரு இடங்களுக்கும் இடையே முதன்மையான வேறுபாடு ஒன்று உள்ளது. அமெரிக்க மேற்கில் மாடு திரிவது இயல்பு. பயிரிடுபவரே வேலியிட்டுத் தம் பயிரைக் காத்துக்கொள்ள வேண்டும் என்பது பல இடங்களில் வழக்காக இருந்தது. இந்தியாவில் 1871 ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டப்படி, பயிரில் இறங்கிய மாட்டைப் பிடித்துப் பட்டியில் அடைக்கலாம். மாட்டுக்காரர் தண்டம் செலுத்தியே அதை மீட்க வேண்டும். எனவே அங்கே வேலி மாட்டை வெளியே நிறுத்தியது. கொங்கு நாட்டில் வேலி மாட்டை உள்ளே வைத்துக் காத்தது.

இன்றைய நிலை

கொறங்காடுகளின் பரப்பு குறைந்து வருகின்றது. மின்விசை நீரிறைப்பான்களும் உழவு இயந்திரங்களும் பரவியதால் உழவுக்கும் ஏற்றத்திற்கும் வண்டிக்கும் பயன்பட்ட காங்கேயம் மாடுகளின் தேவை குறைந்தது. பால் உற்பத்திக்குக் கலப்பின மாடுகள் விரும்பப்படுகின்றன. பாசன வசதி பெற்ற இடங்கள் விளைநிலங்களாயின. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைப் பயன்படுத்தும் காற்றாலைகளும் வீட்டுமனைகளும் சில இடங்களில் மேய்ச்சல் நிலத்தைப் பிடித்துள்ளன.

உயிர்வேலிகளுக்குப் பதிலாகக் கல்தூண் நட்டு முள்கம்பி கட்டும் வழக்கமும் பெருகியுள்ளது. கம்பிவேலிக்கு ஆண்டுதோறும் கவாத்து வேண்டியதில்லை; அது இடத்தையும் அடைப்பதில்லை. ஆனால் கிளுவை வேலி தரும் தழையையோ, அதனுள் வாழும் கீரி, ஓணான், சிறுபறவைகள் ஆகியவற்றுக்கான உறைவிடத்தையோ அது தருவதில்லை. துருப்பிடித்த கம்பியை மாற்றவேண்டும். வெட்டப்பட்ட கிளுவையோ மீண்டும் தழைக்கும்.

2017 சனவரியில் நடைபெற்ற சல்லிக்கட்டு ஆதரவுப் போராட்டத்திற்குப் பின்னர் நாட்டு மாடுகள் மீதான ஆர்வம் கூடியது. எனினும் மாட்டினத்தைக் காப்பது அது மேயும் நிலத்தைக் காப்பதோடு பிணைந்தது. கொறங்காடு தனியார் நிலமாதலால், புறம்போக்கு மேய்ச்சல் நிலத்தைப் போல இதனை அரசு நேரடியாகப் பேண இயலாது. கால்நடை வளர்ப்பு உழவருக்கு வருவாய் தரும் வரையில்தான் இந்நிலம் புல்வெளியாக நீடிக்கும்.

இவற்றையும் பார்க்கவும்

காங்கேயம் காளை
மேச்சேரி ஆடு
உயிர்வேலி
முள்கம்பி
மந்தைவெளி