மியென்ட்ஸு

சீனத்தில் 'மியென்' என்றால் முகம். 'ட்ஸு' பெயர்ச்சொல்லோடு ஒட்டும் விகுதி. ஆனால் மியென்ட்ஸு என்பது கண்ணும் மூக்கும் உள்ள முகமல்ல. நாலு பேர் முன்னால் ஒருவருக்கு இருக்கும் மதிப்பு. அதைப் பிறருக்குக் கொடுக்கலாம், தான் இழக்கவும் செய்யலாம். தமிழில் 'மானம்' என்றால் கனம் கூடிவிடுகிறது. 'மரியாதை' என்றால் குறைந்துவிடுகிறது.

இந்தச் சொல் ஒரு கேள்வித்தாளுக்குள்ளும் நுழைந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வாழ்க்கைத்தரக் கேள்வித்தாளின் சுருக்க வடிவில் 26 கேள்விகள். வலி, தூக்கம், பணம் எல்லாம் அதில் உண்டு. தைவானில் அதைச் சீனத்தில் ஆக்கியவர்கள் வெறும் மொழிபெயர்ப்போடு நிற்கவில்லை; இரண்டு கேள்விகளைச் சேர்த்தார்கள். மியென்ட்ஸு இருக்கிறதா, மதிக்கப்படுகிறீர்களா என்று ஒரு கேள்வி. சாப்பிட ஆசைப்படுவது வழக்கமாகக் கிடைக்கிறதா என்று இன்னொன்று. மொத்தம் 28. அந்த இரண்டும் ஒட்டுக் கேள்விகள் அல்ல. அங்கே வாழ்க்கைத்தரம் என்பதற்குள் அவையும் அடக்கம்.