மனைத் தகராறும் மத்தியஸ்தமும்: கன்னிவாடிப் பாளையம் தொட்டு

திண்டுக்கல்லுக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் கன்னிவாடி, நாயக்கர் காலத்துப் பாளையங்களில் ஒன்று. பாளையக்காரரே வரி தண்டினார், காவல் வைத்தார், வழக்கும் கேட்டார். நிலத்தைப் பற்றி அவரோடு குடியானவருக்குச் சண்டை வந்தால், எதிராளியின் முன்னேயே முறையிட வேண்டும். 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து திண்டுக்கல் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்த பிறகும் இந்தச் சிக்கல் உடனே தீரவில்லை.

கம்பெனி அதிகாரி தாமஸ் மன்றோவின் முயற்சியால் 1816-ல் சென்னை மாகாணத்தில் பஞ்சாயத்து ஒழுங்குவிதிகள் வந்தன. கிராம முன்சீப் ஐந்து பேரையோ அதற்கு மேலோ கூட்டலாம். ஆனால் வாதி, பிரதிவாதி இருவரும் சம்மதித்து எழுதிக் கொடுத்தால்தான் விசாரணை. சம்மதம் தகராறு எழுந்த பின்னரே கேட்கப்பட்டது என்பதுதான் இதில் கவனிக்கத்தக்கது. மன்றோ எதிர்பார்த்த அளவுக்கு மக்கள் பஞ்சாயத்தை நாடவில்லை, கோர்ட்டுக்கே போனார்கள். இப்படிக் கோர்ட்டுக்கு வெளியே நடுவரைக் கொண்டு தீர்க்கும் மத்தியஸ்தத்துக்கு 1859 சிவில் நடைமுறைச் சட்டம் தனிப் பகுதி ஒதுக்கியது. 1940, 1996 சட்டங்கள் அதை வியாபாரத் தகராறுகளுக்கு ஏற்றபடி வளர்த்தன.

பாளையங்களின் வழிவந்த ஜமீன்களை 1948 சட்டம் ஒழித்தது. காலப்போக்கில் புன்செய் நிலம் மனைகளாகப் பிரிந்து, பாளையக்காரர் இருந்த இடத்துக்கு மனை பிரித்து விற்கும் புரோமோட்டர் வந்தார். அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப் பதிவை 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடுத்தபோது, முன்பணம் கட்டியவர்கள் தவித்தனர். இப்படிப்பட்ட பல விற்பனை ஒப்பந்தங்களின் கடைசிப் பக்கங்களில், தகராறு வந்தால் மத்தியஸ்தரிடமே போக வேண்டும், அவரைப் புரோமோட்டரின் நிறுவனமே நியமிக்கும் என்ற வரி பொடி எழுத்தில் இருக்கும். கையெழுத்துப் போடும் நாளில் அதை யாரும் படிப்பதில்லை. கன்னிவாடிக் குடியானவரின் பழைய நிலைதான் இது. ஆள் மட்டும் வேறு.

இந்த நிபந்தனை வாங்குபவரைக் கட்டுப்படுத்துமா என்ற கேள்வி எமார் எம்ஜிஎஃப் என்ற ரியல் எஸ்டேட் நிறுவனத்தின் வழக்கில் வந்தது. கட்டுப்படுத்தாது, நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று 2017 ஜூலையில் தேசிய நுகர்வோர் ஆணையம் கூறியது. 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. வழக்கின் முடிவில் நலன் உள்ளவர் தன்னிச்சையாக மத்தியஸ்தரை நியமிக்க முடியாது என்று 2019-ல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கில் தீர்ப்பானது. நுகர்வோரை மத்தியஸ்தத்துக்குக் கட்டாயப்படுத்த முடியாது, அவரே விரும்பினால் போகலாம் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மீண்டும் தெளிவாக்கியது. பஞ்சாயத்து விதிகளின் சம்மத நிபந்தனை இருநூறு ஆண்டு கழித்துத் திரும்பி வந்தது போலத்தான்.

2016 ரியல் எஸ்டேட் சட்டம் இன்னொரு வழி திறந்தது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைத் திட்டம் பதிவாக வேண்டும். ஒப்படைப்பு தாமதித்தால் பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்கலாம். நுகர்வோர் ஆணைய வழிக்கோ ஓர் எல்லை உண்டு: வளர்ச்சிப் பணி எதுவுமற்ற வெறும் மனை விற்பனை நுகர்வோர் வழக்காகாது என்ற உச்ச நீதிமன்றத்தின் 2013 தீர்ப்பையும் மனை வாங்குவோர் அறிந்திருக்க வேண்டும்.

சம அளவு பலமுள்ள இரண்டு வியாபாரிகளுக்கு மத்தியஸ்தம் ஏற்றது. சேமிப்பை முன்பணமாகக் கொடுத்த குடும்பத்துக்கு அது பெரும்பாலும் வீண் செலவு: மத்தியஸ்தரின் கட்டணத்தைத் தரப்பினர் கொடுக்க வேண்டும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலோ, 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கியதற்கான புகாருக்குக் கட்டணமே இல்லை.